கையில் வரும், கைக்குள் வராது

ஹாலிவுட் படத்தில் வானத்தை அகலமாகக் காட்டினால் அதில் ஒரு கழுகு வட்டமடிக்கும். கூடவே நெஞ்சைக் கீறுகிற மாதிரி நீளமாக ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் கழுகினுடையது இல்லை. செவ்வால் பருந்து என்கிற வேறொரு பறவை கத்தியதைப் பதிவு செய்து கழுகின் வாயில் பொருத்திவிடுகிறார்கள். அமெரிக்காவின் அடையாளமான வெண்தலைக் கழுகுக்கு வாய்த்திருப்பது 'கிக்கிக்கிக்' என்ற கீச்சுக்குரல்தான். சிறகை விரித்தால் இரண்டு மீட்டர், உட்கார்ந்தால் ஏறக்குறைய மூன்றடி, வாயைத் திறந்தால் இவ்வளவுதானா என்று ஆகிவிடுகிறது. டப்பிங் குரல் கோடம்பாக்கத்தின் தனிச்சொத்து என்று நினைத்திருந்த எனக்கு இதைக் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

இந்தக் கீச்சுக்குரலைப் பக்கத்தில் நின்று கேட்க நல்ல இடம் மினசோட்டா மாநிலத்தில் உள்ள வபஷா. மின்னியாபொலிஸ் நகரிலிருந்து தென்கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஆற்றைப் பார்த்தபடி நேஷனல் ஈகிள் சென்டர் இருக்கிறது. அதை மிருகக்காட்சி சாலை என்று சொல்ல முடியாது, அருங்காட்சியகம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல ஊர்களில் 'நேச்சர் சென்டர்' என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்துக் காடு, ஆறு, பூச்சி, பறவை எதுவோ, அதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்துவைக்கிற இடம் அது. வபஷாவுக்குக் கழுகு அமைந்தது, அதனால் அங்கே கழுகு மையம்.

ஏன் கழுகு அமைந்தது என்பதற்கு ஆறுதான் காரணம். மினசோட்டாவின் குளிர்காலத்தில் ஏரிகள் கல்லாக உறைந்து, அதன்மேல் கார் ஓட்டுகிற அளவுக்குப் பனிக்கட்டி கனத்துவிடும். மீன் பிடித்துத் தின்னும் கழுகுக்கு அது பட்டினிக் காலம். வபஷாவுக்குச் சற்று மேலே மிசிசிப்பி அகன்று பெப்பின் ஏரியாகக் கிடக்கிறது. எதிர்க்கரையிலிருந்து வந்து சேரும் சிப்பெவா ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல்தான் மிசிசிப்பியை மறித்து அந்த ஏரியை உண்டாக்கியது. ஏரி முடிகிற இடத்தில் தண்ணீர் குறுகி வேகமெடுக்கிறது, வேகமாக ஓடுகிற தண்ணீர் எளிதில் உறைவதில்லை. சுற்றுவட்டாரக் கழுகுகள் அந்தத் திறந்த தண்ணீரைத் தேடி வந்து கரையோர மரங்களில் குளிர்காலம் முழுக்கக் காத்துக் கிடக்கும். 1989-ல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தொலைநோக்கியில் இந்தக் கழுகுகளைக் காட்டத் தொடங்கினார்கள். பிறகு கடைத்தெருவில் ஓர் இடம், 2007-ல் சொந்தக் கட்டடம் என்று அது வளர்ந்தது.

உள்ளே இருக்கும் கழுகுகள் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விபத்துக் கதை உண்டு. கார் மோதியது, கூட்டிலிருந்து விழுந்து இறக்கை ஒடிந்தது, ஈயம் உடம்பில் ஏறியது, இப்படி ஏதாவது ஒன்று. ஆசைப்பட்டு ஒரு கழுகைப் பிடித்து வந்து காட்சிக்கு வைக்க அமெரிக்கச் சட்டம் விடாது. திரும்பக் காட்டில் விட்டால் பிழைக்காது என்று மருத்துவர் முடிவு கட்டிய பறவையைத்தான் இப்படி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆகவே இந்த மாதிரி மையத்தில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி 'உனக்கு என்ன ஆச்சு?' என்பதுதான். பதில் பெரும்பாலும் மனிதர்களிடம் வந்து முடியும்.

நான் பார்த்த அன்று, முழங்கை வரை ஏறும் தடித்த தோல் கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் ஊழியர் வந்தார். கையுறை மேல் ஒரு பெண் கழுகு. முதலில் கண்ணில் பட்டது கால்தான். மஞ்சள் நிறத்தில் செதில் செதிலான விரல்கள், முனையில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த கறுப்பு நகங்கள். அந்த விரல்கள் ஒருமுறை மடங்கிவிட்டால் உள்ளே இருக்கும் தசைநார் பூட்டிக்கொள்ளும். மரக்கிளையில் தூங்கினாலும், ஆற்றில் துள்ளும் மீனைத் தூக்கிக்கொண்டு போனாலும், பிடித்த பிடி தளராமல் இருக்க அதற்குத் தனியாகப் பலம் செலவாகாது. பிறகு கண். வெளிர் மஞ்சள். அதன் குறுக்கே கண்ணாடித் தாள் மாதிரி ஒரு சவ்வு மூக்குப் பக்கமிருந்து வழுக்கிப் போய்த் திரும்பும், அதுதான் மூன்றாவது இமை. கண்ணுக்கு மேலே எலும்பு விளிம்பு துருத்திக்கொண்டு நிற்பதால் எந்நேரமும் கோபமாக இருப்பது போலத் தெரிகிறது. உண்மையில் அது வெயில் கண்ணில் விழாமல் தடுக்கும் தாழ்வாரம், கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கழுகு முன்பக்கமாகக் குனிந்து வாலைத் தூக்கியது. ஊழியர் பேச்சை நிறுத்தாமலே அரை வட்டம் திரும்பி, ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் அதன் பின்புறத்தைக் காட்டி நின்றார். வெள்ளையாக ஒரு பீய்ச்சல், நாலடி தூரம் போயிருக்கும். பிள்ளைகள் கைதட்டினார்கள். வேட்டைப் பறவைக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதை அன்று வந்த பிள்ளைகளில் யாரும் இனி மறக்க மாட்டார்கள்.

கழுகின் இரண்டு கணுக்காலிலும் தோல் பட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வார், வார்களின் முனையில் முறுக்கு விழாமல் சுழலும் இரும்பு வளையம், அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றை ஒரே கையால் முடிச்சுப் போடக் கற்பது இந்த வேலையின் ஆரம்பப் பாடம், ஏனென்றால் மறு கையில் எப்போதும் பறவை இருக்கும். எங்கோ ஒரு மடக்கு நாற்காலி சரிந்து விழுந்த சத்தத்தில் கழுகு சட்டென்று கையிலிருந்து பாய்ந்தது. வார் இழுத்ததும் தலைகீழாகத் தொங்கி இறக்கையை அடித்துக்கொண்டது. ஊழியர் பதறவில்லை, அதட்டவுமில்லை. வலது உள்ளங்கையை அதன் முதுகில் கொடுத்துத் தூக்கி மறுபடி கையுறையில் நிறுத்தினார். அது இறகை உதறிச் சரி செய்துகொண்டது. அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்ததா என்று கவனித்தேன். இல்லை.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். பழக்கம் வேறு, பாசம் வேறு. நாய்க்கு நம் பாராட்டு வேண்டும், யானை பாகனை அறியும், கிளிகூட வீட்டு ஆளைக் கண்டால் குரல் கொடுக்கும். அவை கூட்டமாக வாழ்ந்து பழகிய இனங்கள். கழுகும் பருந்தும் ஆந்தையும் பெரும்பாலும் தனிக்கட்டைகள். ஜோடியைத் தவிர வேறு உயிரின் தயவு அவற்றுக்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. கையுறைக்காரர் வருஷக்கணக்கில் சோறு போட்டாலும் அந்தப் பறவையின் கணக்கில் அவர் ஆபத்தில்லாத ஒரு கிளை, அவ்வளவுதான். தினமும் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள். எடை கூடினால் வேலை செய்யப் பிடிக்காது, குறைந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஒரு துண்டு எலி, ஒரு துண்டு காடை, அதற்காகத் தராசில் ஏறும், கைக்கு வரும். அடித்துப் பழக்குவது நடக்கவே நடக்காது. ஒரே ஒரு தடவை பயமுறுத்திவிட்டால் பல மாதப் பழக்கம் போய்விடும்.

ஆகவே பழகிக்கொள்ள வேண்டியது மனிதர்கள்தான். இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப் பறவை ஒல்லியாகத் தெரிந்தால் பயந்திருக்கிறது. இறகை லேசாகப் புசுபுசுவென்று விட்டு ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கிறது. அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு தாங்கவில்லை, உள்ளே கொண்டுபோக வேண்டும். ஊழியர் பேசிக்கொண்டே இதையெல்லாம் ஓரக்கண்ணால் படித்துக்கொண்டிருந்தார்.

மனிதனை உறவாக நினைத்துவிட்ட கழுகும் உண்டு, அது இன்னும் பரிதாபம். 1989-ல் லூயிசியானாவில் புயலில் கூட்டிலிருந்து விழுந்த ஒரு குஞ்சை நல்ல மனசுக்காரர்கள் எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு அதற்குக் காட்டில் பிழைக்கத் தெரியவில்லை, பசித்தால் மனிதர்களிடமே வந்து நின்றது. கடைசியில் டென்னசி மாநிலத்தில் அமெரிக்கன் ஈகிள் ஃபவுண்டேஷன் வசம் போய்ச் சேர்ந்தது. விண்கல விபத்தில் இறந்தவர்களின் நினைவாக அதற்குச் 'சேலஞ்சர்' என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டு மைதானங்களில் தேசிய கீதம் பாடும்போது பறந்து வருவது அதன் உத்தியோகமாக இருந்தது. 2018 ஏப்ரலில் மின்னியாபொலிஸ் பேஸ்பால் மைதானத்தில் அது வழி தவறி, சியாட்டில் அணியின் பந்துவீச்சாளர் ஜேம்ஸ் பாக்ஸ்டனை நோக்கி வந்து தோளில் இறங்கப் பார்த்தது. அமெரிக்க தேசிய கீதத்தின் நடுவே அமெரிக்கக் கழுகு தேடிப் போன அந்த மனிதர் கனடாக்காரர்! அவர் அசையாமல் நின்றார். இணையத்தில் அந்தக் காட்சியைப் பல லட்சம் பேர் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். எனக்கு என்னவோ, எது மரம் எது மனிதன் என்று பிரித்தறியக் கற்றுக்கொள்ளாமலே வளர்ந்த ஒரு பறவைதான் அதில் தெரிகிறது.

என்னோடு வந்த அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. வெள்ளைத் தலையும் பழுப்பு உடம்புமாகக் கழுகைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு "கருடா, கருடா" என்றார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் விழித்தது. "அம்மா, இது நம்ம ஊரு கருடன் இல்லை" என்று நான் ரகசியமாகச் சொன்னேன். "சும்மா இருடா, எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. நாம் கருடன் என்று கும்பிடும் செம்பருந்தும் இந்த வெண்தலைக் கழுகும் நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் தண்ணீரை ஒட்டி வாழும், மீன் தின்னும், செத்ததையும் விடாது.

இந்த வெள்ளைத் தலை பிறவியிலேயே வருவதில்லை. நாலைந்து வயசு வரை உடம்பு முழுக்கப் பழுப்புத் திட்டுதான். பெண்தான் பெரியது, ஆண் கொஞ்சம் பூஞ்சை. இவ்வளவு பெரிய உருவத்தின் எடை மூன்றிலிருந்து ஆறு கிலோ. எலும்பெல்லாம் உள்ளே காற்றறைகளோடு இருப்பதால் மொத்த எலும்புக்கூட்டைவிட இறகுகளின் எடை இரண்டு மடங்குக்கு மேல் வரும். இதைக் கேட்டதும் ஒரு சிறுமி கையைத் தூக்கி, அப்படியானால் ஒரு இறகு எனக்குத் தருவீர்களா என்று கேட்டாள். முடியாது. கீழே உதிர்ந்த கழுகு இறகை எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதுகூட அமெரிக்காவில் குற்றம். இறகுகள் கொலராடோவில் டென்வர் அருகே இருக்கும் தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்குப் போகின்றன. செத்த கழுகுகளும் அங்கேதான் போகும். சடங்குகளுக்கு இறகு தேவைப்படும் பூர்வகுடி மக்கள் அங்கே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்கிறார்கள், அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

வயிறு சொல்லும் கதை

மின்னியாபொலிசுக்குப் பக்கத்திலேயே, இரட்டை நகரமான செயின்ட் பாலில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராப்டர் சென்டர் இருக்கிறது. வபஷாவில் பார்ப்பது பறவையின் பின்கதை என்றால், இங்கே நடப்பது முன்கதை. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் வேட்டைப் பறவைகள் சிகிச்சைக்கு வருகின்றன. இது தொடங்கிய விதம் வேடிக்கையானது. கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேரி ட்யூக் என்பவர் வான்கோழிகளின் செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆந்தைகள் வந்தன. எலும்பு முறிந்து வந்த பறவைகளை, பருந்து வளர்ப்பில் பழக்கமுள்ள மாணவர் பேட்ரிக் ரெடிக் அறுவை செய்து தேற்றினார். வேட்டைப் பறவைக்கு எலும்பு சேர்த்து மறுபடி பறக்கவிட முடியும் என்பதே அப்போது புதுசு. இருவரும் சேர்ந்து 1974-ல் மையத்தைத் தொடங்கினார்கள்.

ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். சதை கரையும், எலும்பும் ரோமமும் கரையாது. சில மணி நேரம் கழித்து அதையெல்லாம் உருண்டையாக உருட்டி வாய் வழியே கக்கிவிடும். அந்த உருண்டை எப்படி வயிற்றிலிருந்து மேலேறி வருகிறது என்று ட்யூக்கும் ரெடிக்கும் சகாக்களும் 1976-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த உருண்டை நன்றாகத் தெரிந்த சாமான். நேச்சர் சென்டர்களில் கிருமி நீக்கி, அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள். கூடவே ஒரு இடுக்கி, எலும்புகளின் படம் போட்ட ஒரு அட்டை. பிரித்தால் சாம்பல் நிற ரோமப் பஞ்சு, அதற்குள் நகக்கண் அளவு மண்டையோடு. முன்பல் ஆரஞ்சு நிறத்தில் உளி போல இருந்தால் வயல் எலி. பல் முனை சிவப்பாக இருந்தால் மூஞ்சூறு. தாடை, தொடை, விலா என்று பிரித்து அட்டையில் ஒட்டவைத்தால் ஆந்தையின் ராத்திரிச் சாப்பாட்டுக் கணக்கு வந்துவிடும். முகம் சுளித்துத் தொடங்குகிற பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் 'எனக்கு ரெண்டு மண்டை கிடைச்சுது' என்று சண்டைக்கு நிற்கிறார்கள்.

கழுகும் பருந்தும் கக்குகிற உருண்டையில் எலும்பு அவ்வளவாக இருக்காது. 1975-ல் ட்யூக் குழு அளந்தபோது பருந்து வகைகளின் வயிற்றில் அமில அளவு, அதாவது பிஎச், 1.6 இருந்தது. ஆந்தைகளுக்கு 2.35. எண்ணில் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், வீரியத்தில் ஐந்து மடங்குக்கு மேல். பருந்தும் கழுகும் எலும்பையே கரைத்துக் குடித்துவிடும். மீன் முள்ளோ, அழுகிய மானின் எலும்போ, அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. இந்தப் பலம்தான் இன்றைக்குக் கழுகுக்கு எமனாக வந்து நிற்கிறது.

மினசோட்டாவில் நவம்பர் மாதம் மான் வேட்டைக் காலம். வேட்டைக்காரர் மானைச் சுட்டு, அங்கேயே குடலை எடுத்துப் போட்டுவிட்டு உடலைக் கொண்டுபோவார். ஈயத் தோட்டா எலும்பில் பட்டதும் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறும். எக்ஸ்ரே எடுத்தால் சுட்ட இடத்தைச் சுற்றிப் பொடி தூவினாற்போல் தெரியும். ஏரிகள் உறையப்போகிற சமயம், கழுகுக்குக் குடல் குவியல் விருந்து. வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்க்கிறது. ஒரு அரிசி அளவு ஈயம் போதும் ஒரு கழுகைக் கொல்ல. நரம்பு செத்து, நிற்க முடியாமல், தலை தொங்கி, சில சமயம் பார்வையும் போய், சாலையோரத்தில் கிடக்கும். யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து ராப்டர் சென்டருக்குக் கொண்டுவருவார்கள். ஈயத்தைப் பற்றி இழுத்து வெளியேற்றும் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அளவு மிஞ்சியிருந்தால் அதுவும் கைகொடுக்காது.

2022 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைப் பரிசோதித்தது. வெண்தலைக் கழுகு, பொன்கழுகு இரண்டிலும் கிட்டத்தட்டப் பாதிக்கு எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. இதைச் சட்டம் போட்டே தடுத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். வாத்து வேட்டைக்கு ஈயக் குண்டை 1991-லேயே நாடு முழுக்கத் தடை செய்தார்கள், ரெடிக்கின் ஆய்வுகளுக்கும் அதில் பங்கு உண்டு. மான் வேட்டைத் தோட்டாவில் அது நடக்கவில்லை. கலிஃபோர்னியா மட்டும் 2019-லிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடுத்திருக்கிறது. துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே அரசியலாகிவிடும் நாட்டில், மையங்கள் கையில் எடுத்திருப்பது வேறு வழி. வேட்டைக்காரரைத் திட்டாமல், செப்புத் தோட்டாவையும் ஈயத் தோட்டாவையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எக்ஸ்ரேயைக் காட்டுகிறார்கள். அந்த மான் இறைச்சியை உங்கள் வீட்டுப் பிள்ளையும் சாப்பிடுகிறது என்று ஒரு வார்த்தை. எனக்கு இது சட்டத்தைவிட மெதுவானதாகவும், ஆனால் நிலைக்கக்கூடியதாகவும் படுகிறது.

இந்த இடத்தில் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. மாட்டின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1992-லிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் மறைந்துவிட்டன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும். மினசோட்டா வேட்டைக்காரரும் சரி, நம் ஊர் மாட்டுக்காரரும் சரி, பறவையைக் கொல்ல நினைத்தவர்கள் இல்லை.

வெண்தலைக் கழுகு ஒருமுறை இப்படி விளிம்புவரை போய்த் திரும்பிய பறவை. அது அழிந்துவருவதைக் கண்டுபிடித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். சார்லஸ் ப்ரோலி, கனடாவின் வின்னிபெக்காரர். ஓய்வுபெற்றவர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குப் போனார். 1939-ல், அறுபதை எட்டும் வயதில், உயரமான பைன் மரங்களில் கயிற்று ஏணி போட்டு ஏறிக் கழுகுக் குஞ்சுகளின் காலில் வளையம் மாட்டத் தொடங்கினார். ஆயிரத்து இருநூறு கழுகுகளுக்கு மேல் மாட்டியிருக்கிறார். நாற்பதுகளின் பிற்பகுதியில் கூடுகளில் முட்டை பொரிப்பது குறையத் தொடங்கியது. 1958-ல் நூறு மைல் கடற்கரையைச் சலித்து அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு குஞ்சு. பூச்சிக்கொல்லியான டிடிடி-தான் காரணம் என்று சந்தேகப்பட்டார். அடுத்த ஆண்டு காலமானார். அவருடைய கணக்கு ரேச்சல் கார்சனின் 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் இடம்பெற்றது. 1963-ல் அலாஸ்கா நீங்கலான பெருநிலத்தில் கூடு கட்டிய ஜோடிகள் 417. டிடிடி-க்கு 1972-ல் தடை வந்தது. 2007-ல் அழியும் ஆபத்துப் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகை எடுத்தார்கள். 2021-ல் வெளியான மதிப்பீட்டின்படி அதே நிலப்பரப்பில் மூன்று லட்சத்துக்கும் மேல் கழுகுகள் இருக்கின்றன.

இத்தனைக்கும் அது அமெரிக்காவின் 'தேசியப் பறவை' என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. 1782-ல் அரசு முத்திரையில் ஏறிய கழுகுக்கு, வபஷா மையத்தார் சுட்டிக்காட்டி வலியுறுத்திய பிறகு, 2024 டிசம்பரில்தான் அந்தப் பதவி முறைப்படி கிடைத்தது. தாலுகா ஆபீஸ் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

சின்னவை, அசிங்கமானவை

பெரிய கழுகின் நிழலில் மற்ற பறவைகள் மறைந்துவிடுகின்றன. அது நியாயமில்லை. பெரிய கொம்பன் ஆந்தையைக் கொண்டுவந்தால் கூட்டம் உருகிப்போகிறது. நமக்கு அலறினால் அபசகுனம், அவர்களுக்கு அது ஞானத்தின் உருவம். இரண்டுமே ஆந்தைக்குத் தெரியாது. கண் இரண்டும் மண்டையோட்டில் ஆணி அடித்தாற்போல் நிலைத்திருப்பதால் அது பார்வையைத் திருப்ப முடியாது, கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். நமக்குக் கழுத்தெலும்பு ஏழு, அதற்குப் பதினாலு. முக்கால் வட்டம் திரும்பிவிடும். மூளையை எடுத்துக்கொண்டால், பறவைகளைப் பழக்குகிறவர்கள் அதற்குப் பாஸ் மார்க் போடத் தயங்குகிறார்கள்.

முதல் மார்க் வாங்குவது யாருமே கூப்பிடாத ஒரு பறவை, டர்க்கி வல்ச்சர். வான்கோழி மாதிரி சுருங்கிய சிவப்பு மொட்டைத் தலை, கறுப்பு உடம்பு. வெயிலில் தன் காலிலேயே எச்சமிட்டுக் குளிரவைத்துக்கொள்ளும், மிரட்டினால் தின்றதை நம்மேல் கக்கும். ஆனால் புதுசாக எதைக் கண்டாலும் ஆராயும். கிட்டே போனால் ஷூ லேஸை இழுத்துப் பார்க்கும். மோப்பத்தில் இதை மிஞ்சப் பறவைகளில் ஆள் குறைவு. நம் சமையல் காஸ் கசிந்தால் ஒரு நாற்றம் வருகிறதே, அதற்காகச் சேர்ப்பது மெர்காப்டான் என்ற ரசாயனம். அழுகும் பிணத்திலிருந்தும் அதே வகை வாசனை வரும். கலிஃபோர்னியாவில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வானத்தில் இந்தப் பறவைகள் எங்கே வட்டமிடுகின்றன என்று பார்த்தே எரிவாயுக் குழாயில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்த காலம் ஒன்று உண்டு. கென்னத் ஸ்டேஜர் என்ற ஆய்வாளர் அதை வைத்து 1960-களில் இந்தப் பறவைக்கு மோப்பம் உண்டு என்று நிரூபித்தார்.

பெரக்ரின் வல்லூறு கதையும் இங்கே உண்டு. டிடிடி-யால் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் 1960-களிலேயே அது பூண்டோடு போய்விட்டது. 1982-லிருந்து ரெடிக்கும் சகாக்களும் மிசிசிப்பி ஆற்றங்கரையில் வளர்ப்புக் குஞ்சுகளைக் கொண்டுவிட்டார்கள். ராத்திரியில் கொம்பன் ஆந்தை வந்து அவற்றைத் தின்றது. அதனால் ஆந்தை வராத இடமாகப் பார்த்து, நகரத்து வானளாவிகளிலும் மின் நிலையப் புகைபோக்கிகளிலும் பெட்டி வைத்தார்கள். வல்லூறு நகரவாசியானது அப்படித்தான். ஒரு வேட்டைப் பறவையைக் காப்பாற்ற இன்னொன்றிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டியிருந்ததை அங்கே யாரும் மூடிமறைப்பதில்லை.

பறக்க முடியாத கழுகைக் காலில் கயிறு கட்டி, கூட்டத்தின் முன்னால் முப்பது ஆண்டுகள் வைத்திருப்பது சரிதானா என்று கேட்டால், எனக்கும் அரை மனசுதான். டோக்கியோவில் ஆந்தைக் கஃபே என்று இருக்கிறது, காபி குடித்துக்கொண்டே ஆந்தையின் தலையைத் தடவலாம். அந்தப் பக்கம் நான் போக மாட்டேன். வபஷாவில் யாரும் பறவையைத் தொடக் கூடாது. தோளில் ஏற்றிப் படமெடுக்கும் சமாசாரம் இல்லை. ஊழியரே அவசியமில்லாமல் தடவுவதில்லை, தடவினால் இறகின் எண்ணெய்ப் பூச்சு போய்விடும், பறவைக்கும் அது பிடிக்காது. குழந்தை கை நீட்டினால் 'அது உன் நண்பன் இல்லை' என்று சிரித்த முகத்தோடு சொல்லித் தடுத்துவிடுகிறார்கள். இப்படிச் சொல்லத் தைரியமுள்ள இடத்தில் பறவை கொஞ்சம் மரியாதையோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில் போவார்கள். கழுகுக்குப் போவதானால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் போங்கள். உள்ளே நாலைந்து கழுகு, வெளியே ஆற்றில் அதைவிடப் பல மடங்கு. கோட்டு, குல்லா, கையுறை அவசியம். இரவல் வாங்கியாவது ஒரு பைனாகுலர். காலைப் பலகாரத்தை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் கழுகுக்குச் சாப்பாடு போடுவதையும் முன்னாலேயே நின்று பார்க்கலாம். முழு எலியைக் காலால் மிதித்துக்கொண்டு, அலகால் பிய்த்துத் தின்னும். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு, பெருமாளுக்கு வாகனமாக இருப்பவர் இதையெல்லாம் சாப்பிட மாட்டார் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.